ஏழாவது கட்டம்

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரி அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல என் பொண்ணு டைப் பண்றா. என் வலது கையில மாவுக்கட்டு. ஏன்னு அப்புறம் சொல்றேன், முதல்லயே சொன்னா நீங்க பதறிடுவீங்க.

மூணு வருஷமா உங்க ‘வீட்டுக்காரி’ பக்கத்தைப் படிக்கிறேன். தையல் மிஷின் மேல போனைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு, கால் பாட்டுக்கு மிதிக்க, கண் பாட்டுக்குப் படிக்கும். ஃபிரிட்ஜ் கதவு இடுக்குல ஒரு காகிதத்தை வச்சு இழுத்துப் பாருங்க, லேசா வந்துட்டா ரப்பரை மாத்துங்க, கரண்ட் மிச்சம்னு எழுதினீங்களே, செஞ்சேன். பழைய படுக்கை விரிப்புல ஜன்னல் திரை தைக்கச் சொன்னீங்க, தச்சேன். அதுல ஒண்ணு மட்டும் சொல்லணும், தப்பா நினைக்காதீங்க. ஓரத்தை அரை இஞ்ச் மடிக்கச் சொல்லியிருந்தீங்க. பத்தாது அக்கா. ஒண்ணரை இஞ்ச் மடிச்சாத்தான் திரை கனமா விழும். அப்பவே எழுதலாம்னு பார்த்தேன். இவ்வளவு தெரிஞ்சவங்களுக்கு நாம என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்.

உங்க சின்னவனுக்குக் காய்ச்சல்னு போன மாசம் எழுதியிருந்தீங்க. இப்ப தேவலையா?

சரி, கை விஷயம். நூல்கண்டு, பட்டன் டப்பா எல்லாம் வைக்க மிஷினுக்கு மேலே சுவத்துல ஒரு பலகை வேணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்க வீட்டுக்காரர் வேன் ஓட்டறவர். “ஆசாரியைக் கூப்பிடு, அவர் வேலையை அவர் செய்யட்டும்”னார். “பலகை மாட்டறதுக்குப் படத்தோட ஆறே ஆறு கட்டம், அக்கா எவ்வளவு அழகாப் போட்டிருக்காங்க பாருங்க, குழந்தைகூட மாட்டிடும்”னு சொல்லி, கீழ்வீட்டுல துளை போடற மிஷினை வாங்கி நானே மாட்டினேன். மூணு நாள் ஜம்முனு நின்னுச்சு. போறவங்க வர்றவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாலாம் நாள் ஒரு காலர் தச்சுக்கிட்டிருக்கேன், பலகை, டப்பா, நூல்கண்டு எல்லாம் மொத்தமா இறங்கி மணிக்கட்டு மேல விழுந்துச்சு. ரெண்டு எலும்பு. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதாம்.

உங்களைக் குறை சொல்லல அக்கா. நான் எந்த இடத்துல தப்புப் பண்ணேன்னு மட்டும் தெரியணும். கை சரியானதும் திரும்ப மாட்டணும். இல்லேன்னா இந்த வீட்டுல என் பேச்சு எடுபடாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, தையல்காரி

(அம்மா சொல்லாதது: அம்மா அழுதாங்க. — டைப் பண்றவ)


மார்ச் 7

அன்புத் தோழிக்கு,

உங்கள் மடல் கண்டு மனம் வருந்தினேன். விரைவில் பூரண நலம் பெற வேண்டும் என்று நானும் என் குடும்பத்தாரும் விரும்புகிறோம். சின்னவன் இப்போது நலம். பள்ளிக்குப் போகிறான்.

வீட்டு வேலைகளில் ஆர்வத்தோடு அவசரமும் சேர்ந்துவிடுவது இயல்பு. அந்தப் பக்கத்தில் மொத்தம் ஏழு கட்டங்கள் உள்ளன. ஏழாவது கட்டத்தில், “சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போல் சத்தம் வந்தால் இந்த முறையில் பலகை மாட்டாதீர்கள்” என்று கொடுத்திருக்கிறோமே! அதைக் கவனிக்கத் தவறிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. பரவாயில்லை. அடுத்த முறை எல்லாக் கட்டங்களையும் நிதானமாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

திரைச்சீலை ஓரம் பற்றிய குறிப்புக்கு நன்றி!

அன்புடன்,
வீட்டுக்காரி


மார்ச் 11

அக்கா,

இதை நானேதான் இடது கையால தட்டறேன். பொண்ணுகிட்ட குடுக்கல. அவளுக்குத் தெரிய வேண்டாம்னு பார்த்தேன்.

உங்க கடிதம் வந்ததும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆமா, ஏழு இருக்கு. அடியில நீளமா ஒரு கட்டம். எப்படிக் கண்ணுல படாமப் போச்சுன்னு தெரியல. போனை எப்பவும் பொண்ணு எடுத்துக்கிட்டுப் போயிடுவாளேன்னு, முழுசையும் என் அளவு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சேன். நோட்டை எடுத்துப் பார்த்தா ஆறுதான் எழுதியிருக்கேன். ஆறாவதுக்குக் கீழே ஒரு கோடு வேற போட்டிருக்கேன், முடிஞ்சதுன்னு.

சுவரைத் தட்டிப் பார்த்தேன். டொம்டொம்முன்னு சத்தம். உள்ளே ஓட்டை வச்ச கல்லு. ஒரு குழந்தை தட்டியிருந்தாகூடத் தெரிஞ்சிருக்கும்.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், தப்பு என் மேலதான்னு. அவர் சிரிச்சார். “ஏழை ஆறுன்னு படிச்சவ, ஊர்ல இருக்கிறவங்க இடுப்பை எப்படி அளந்தே இத்தனை வருஷம்?”னு கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். ஆனா அக்கா, இருபது வருஷத்துல நான் ஒரு அளவு விட்டதில்ல. தோள், கை, கழுத்து, சுத்து, ஒண்ணு விட்டாலும் சட்டை சட்டையா இருக்காது. இப்ப பழைய நோட்டையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு எங்கெங்க என்ன விட்டேனோன்னு தேடிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கை சரியானாலும் டேப்பை எடுக்கவே பயமா இருக்கும் போல.

உங்களுக்கு வேற வேலை இருக்கும். அதுல என் தப்புக்கு உங்களைக் கேள்வி கேட்டு எழுதிட்டேன். மன்னிச்சுக்கோங்க.

தையல்காரி


மார்ச் 12

வணக்கம்.

உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. நாலு தடவை எழுதி அழிச்சுட்டேன். நேரா சொல்லிடறேன்.

நீங்க எதையும் விடல. உங்க நோட்டுதான் சரி. அன்னைக்கு அந்தப் பக்கத்துல ஆறு கட்டம்தான் இருந்துச்சு. ஏழாவதை, உங்க முதல் கடிதத்தைப் படிச்ச பிறகு, மார்ச் ஏழாம் தேதி காலையில நான் சேர்த்தேன். சேர்த்துட்டு, அது முன்னாடியே இருந்த மாதிரி உங்களுக்கு எழுதினேன்.

வீட்டுக்காரின்னு ஒருத்தர் இல்ல. நான் வெப்சைட் வடிவமைக்கிறவன். ஆம்பளை. வயசு இருபத்தொன்பது. கல்யாணம் ஆகல, பிள்ளைகள் இல்ல. பெயிண்ட்டும் ஆணியும் குழாயும் விக்கிற ஒரு கடைக்காரர் தன் கடைக்கு வெப்சைட் கேட்டார். “குடும்பத்துப் பொம்பளை ஒருத்தங்க எழுதற மாதிரி இருக்கட்டும், அப்பத்தான் நம்புவாங்க”ன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாப் பட்டுச்சு. சின்னவன், பெரியவன், மறதிக்கார வீட்டுக்காரர் எல்லாரையும் நான்தான் உண்டாக்கினேன். அந்த வாரம் எழுத வேற ஒண்ணும் தோணல, அதனால சின்னவனுக்குக் காய்ச்சல்.

துளை போடற மிஷினை நான் கையில பிடிச்சதே இல்ல. என் ரூம்ல குழாய் ஒழுகுது, மூணு மாசமா அடியில பக்கெட் வச்சிருக்கேன். அந்தப் பக்கெட் பக்கத்துல உட்கார்ந்துதான் ‘ஒழுகும் குழாயை நீங்களே சரிசெய்யலாம்’னு எழுதினேன். எல்லாம் அங்கங்க படிச்சு எடுத்தது. படமும் வெளியில வாங்கினது.

பலகை விஷயத்துல நான் படிச்ச எல்லா இடத்துலயும் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லித்தான் இருந்துச்சு. நானும் முதல்ல எழுதினேன். ஏழு கட்டம். என் வடிவத்துல ஒரு வரிசைக்கு மூணு கட்டம். ஆறு கட்டம் ரெண்டு வரிசையில கச்சிதமா உட்கார்ந்துச்சு. ஏழாவது மட்டும் கீழே தனியா அனாதை மாதிரி நின்னுச்சு. அழகா இல்ல. அரைமணி நேரம் அப்படி நகர்த்தி இப்படி நகர்த்திப் பார்த்தேன். அப்புறம் எடுத்துட்டேன்.

அவ்வளவுதான். வேற காரணம் இல்ல. ஏதாவது இருந்தா சொல்லலாமேன்னு இத்தனை நாளாத் தேடறேன்.

உங்க முதல் கடிதம் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ‘ஆறே ஆறு கட்டம்’னு நீங்க எழுதின இடத்துல கண் நின்னுபோச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம். பயம். கடைக்காரருக்குத் தெரிஞ்சா வேலை போகும், நீங்க போலீஸுக்குப் போவீங்கன்னு என்னென்னமோ. நேத்து நீங்க மன்னிப்புக் கேட்டு எழுதினதைப் படிச்சப்ப, ஆஃபீஸ்ல பக்கத்துல இருந்தவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வெளியே போய்ப் படிக்கட்டுல நின்னேன்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இந்தக் கடிதத்தைக் காட்டுங்க. ஆஸ்பத்திரிச் செலவை நான் தரணும், தர்றேன்.

நான்


மார்ச் 21

கடிதம் கிடைச்சுது.

உங்களை அக்கான்னு கூப்பிட முடியாது. தம்பின்னு கூப்பிட வாய் வரல. அதனால மொட்டையா எழுதறேன்.

ஒன்பது நாளா இதை நான் யார்கிட்டயும் காட்டல. உங்களைக் காப்பாத்தறதுக்கு இல்ல. எனக்கு வெட்கம். சின்னவனுக்குக் காய்ச்சல்னு படிச்ச அன்னைக்கு நான் துணி வெட்டிக்கிட்டே அவனுக்காக வேண்டிக்கிட்டேன், தெரியுமா? இல்லாத பிள்ளைக்கு. பக்கத்து வீட்டுல போய் “அந்த அக்காவோட பையனுக்கு உடம்பு சரியில்லையாம்”னு வேற சொன்னேன். இதை எப்படி வீட்டுல சொல்றது? நாலாவது வரிக்கு முன்னாடி சிரிச்சுடுவாங்க.

எலும்பு முறிஞ்சது கூடட்டும், கூடிடும். நான் என் கண்ணையே சந்தேகப்பட்டேனே, அதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? நாலு நாள் நான் பைத்தியக்காரி மாதிரி பழைய நோட்டைப் புரட்டினேன். நீங்க நாற்காலியில உட்கார்ந்து “நிதானமாகப் படியுங்கள்”னு எனக்கு எழுதியிருக்கீங்க. அந்த ஒரு வரியை நினைச்சா உடம்பு எரியுது. பலகை விழுந்தது நீங்க தெரியாம செஞ்சது. அந்த வரி தெரிஞ்சு செஞ்சது.

ஆஸ்பத்திரிச் செலவு தர்றேன்னு எழுதியிருக்கீங்க. வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்ல. அனுப்புங்க.

இன்னொண்ணு. எனக்கு மட்டும் சொன்னா சரியாப்போச்சா? நான் மூணு நாள் அந்தப் பலகையை ஊரைக் கூப்பிட்டுக் காட்டினவ. என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் மாட்டி வச்சுக்கிட்டு அதுக்குக் கீழே உட்கார்ந்திருக்காங்களோ. அடியில ஒரு கட்டம் சேர்த்தா, ஏற்கெனவே மாட்டினவங்க திரும்ப வந்தா படிப்பாங்க?

பதில் எழுத வேண்டாம். செய்ய வேண்டியதைச் செய்யுங்க.


ஏப்ரல் 13

அக்கா,

எழுத வேண்டாம்னு சொல்லியிருந்தீங்க. செஞ்சுட்டு எழுதறதால கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

பக்கத்தோட தலையில பெரிய எழுத்துல போட்டேன். இந்த முறை தப்பு, மாட்டினவங்க உடனே கழட்டுங்க, ஒருத்தருக்குக் கை முறிஞ்சிருக்கு, இதை எழுதினவனுக்கு இந்த வேலை தெரியாதுன்னு. கடைக்காரர் ரெண்டாம் நாளே கூப்பிட்டார். “யாரும் கேட்காத கேள்விக்கு நீ ஏன்யா பதில் சொல்றே? எடு அதை”ன்னார். எடுக்க மாட்டேன்னேன். பதினோரு நாள் இருந்துச்சு. அப்புறம் வேற ஆள் வச்சு அந்தப் பக்கத்தையே தூக்கிட்டாங்க, என்னையும் சேர்த்து.

அதுக்கு முன்னாடி, ‘மாட்டிவிட்டோம், நன்றி’ன்னு எழுதினவங்க பட்டியலை எடுத்து வச்சுக்கிட்டேன். பதினாலு பேர். எல்லாருக்கும் தனித்தனியா எழுதினேன். ஒன்பது பேர் கழட்டிட்டதாப் பதில் போட்டாங்க. நல்லாத் திட்டியும் இருந்தாங்க. அஞ்சு பேர்கிட்டேருந்து பதிலே இல்ல. அதுல ஒருத்தர் கடையில ஸ்குரூ வாங்கினவர். விலாசம் பில்லுல இருந்துச்சு. எங்க ஊர்தான், ரெண்டு பஸ் மாறணும். போன ஞாயித்துக்கிழமை போனேன்.

ரிட்டயர் ஆன கண்டக்டர். கதவைத் திறந்ததும், “பலகை விஷயமா வந்திருக்கேன் ஐயா”ன்னேன். முகமெல்லாம் சிரிப்பு. “வாப்பா, வந்து பாரு, நானே மாட்டினது”ன்னு உள்ளே கூட்டிக்கிட்டுப் போனார். கட்டில்ல அவர் சம்சாரம். இடுப்பு எலும்பு போய் ஏழு மாசமாப் படுக்கையாம். பலகை அந்தம்மா தலைக்கு நேர் மேலே. ரேடியோ, மருந்து பாட்டில், தண்ணி கூஜா.

சுவரைத் தட்டினேன். நீங்க எழுதின அதே சத்தம்.

“இதைக் கழட்டணும் ஐயா.”

“ஏன்? எட்டு மாசமா நிக்குதே. வீட்டுக்காரி அம்மா சொன்னபடி மாட்டினது. அவங்கதான் உன்னை அனுப்பினாங்களா? நல்லா எழுதும்ப்பா அந்தம்மா. இவளுக்கு நான்தான் தினம் படிச்சுக் காட்டுவேன்.”

“அந்தம்மாங்கறது நான்தான் ஐயா”ன்னேன்.

கட்டில்ல இருந்த அம்மாதான் முதல்ல சிரிச்சாங்க. “மீசை எல்லாம் வச்சிருக்காங்க, பாருங்க”ன்னாங்க. அவரும் சிரிச்சார். நான் சிரிக்கலன்னதும் நிறுத்திட்டார். எல்லாத்தையும் சொன்னேன். உங்க கை, அழகா இல்லாத கட்டம், உங்களுக்கு நான் எழுதின பொய், எல்லாம். டைப் பண்றப்ப இவ்வளவு கஷ்டமா இல்ல அக்கா. ரெண்டு பேர் முகத்தைப் பார்த்துக்கிட்டு வாயால சொல்றது வேற.

அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, “ஏறு”ன்னார். பொருளையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன். பலகையைக் கையால லேசா இழுத்தேன், ஸ்குரூவைத் திருப்பவே வேண்டி வரல. ஓட்டையில சொருகின பிளாஸ்டிக்கோட அப்படியே வந்துச்சு. சுண்ணாம்புத் தூள் அந்தம்மா தலையணையில கொட்டுச்சு. அவர் குனிஞ்சு அதைக் கையால தட்டிவிட்டார். தூள் எல்லாம் போன பிறகும் தட்டிக்கிட்டே இருந்தார்.

அப்புறம் சொன்னார்: “முப்பத்திரெண்டு வருஷம் டிக்கெட் கிழிச்சேன். எழுதப் படிக்கத் தெரியாதவங்க ஏறுவாங்க, எந்த ஸ்டாப்புன்னு என்னைத்தான் கேட்பாங்க. ஒருத்தரைக்கூட இடம் மாத்தி இறக்கி விட்டதில்லப்பா.”

அவ்வளவுதான். திட்டல. திட்டியிருந்தா தேவலை.

அந்தம்மாதான், “சரி, பாட்டிலையெல்லாம் இப்ப எங்க வைக்கிறது, அதைச் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க”ன்னாங்க. சமையலறையில இருந்த சின்ன மேஜையைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்துல போட்டேன். ஒரு கால் ஆடுச்சு. அட்டையை மடிச்சு வச்சேன். கைக்கு எட்டுதான்னு அவங்க ரெண்டு தடவை எடுத்துப் பார்த்தாங்க.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்தேன். என் பஸ் ரெண்டு போச்சு. ஏற முடியல.

மீதி நாலு பேர் வெளியூர். நன்றி எழுதினப்ப ஊரும் தெருவும் போட்டிருந்தாங்க. ரெண்டு தடவை எழுதிட்டேன், பதில் இல்ல. இதுக்கு மேல என்ன செய்யறதுன்னு தெரியல.

கை எப்படி இருக்கு?


ஏப்ரல் 19

கட்டைப் பிரிச்சாச்சு. விரல் மரத்துப்போய்க் கிடக்கு, தினமும் ஒரு ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரிச் செலவு வந்துச்சு.

வீட்டுல சொல்லிட்டேன். உங்க மார்ச் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை படிச்சார். “அப்ப ஆறுதான் இருந்துச்சா?”ன்னார். ஆமான்னேன். வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். சாயந்திரம் வந்தப்ப கையில சட்டைத் துணி. “எனக்கு அளவெடு”ன்னு கையை விரிச்சுக்கிட்டு நடு வீட்டுல நின்னார். கல்யாணம் ஆன நாளா அவருக்குச் சட்டை தச்சிருக்கேன், ஒரு தடவைகூட அவரா வந்து நின்னதில்ல. டேப் ரெண்டு தடவை கீழே விழுந்துச்சு. குனிஞ்சு அவரே எடுத்துக் குடுத்தார். மன்னிப்புங்கற வார்த்தை அந்த மனுஷன் வாயில வராது. எனக்கு அதுவே போதும்.

நீங்க மன்னிப்புக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல. நல்லவேளை, கேட்கல. எனக்குக் காலையில கோபம் வருது, வேலையில உட்கார்ந்தா மறந்துபோகுது, விரல் வலிக்கிறப்ப திரும்ப வருது. பார்ப்போம்.

அந்தக் கண்டக்டர் சம்சாரத்தை நினைச்சுக்கிட்டே இருந்தேன். ஏழு மாசம் தலைக்கு மேலே. நீங்க போனது நல்லதாப் போச்சு. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னும் நினைச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

மீதி நாலு பேருக்கு என்ன செய்யறதுன்னு கேட்டிருக்கீங்க. இதுல கேட்க என்ன இருக்கு தம்பி? வெளியூருக்கும் பஸ் போகுது.